கடைசி பெஞ்ச்சில் ஏன் உட்கார்ந்தேன்

அண்ணன் மகனுக்கு 14 வயது. போன மாதம் அவனுக்குச் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருப்பது உறுதியானது. கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அவன் செய்த முதல் காரியம், இரண்டு சட்டைக் கைகளையும் மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டதுதான். நல்ல வெயில் நேரம், வியர்த்துக்கொண்டிருந்தான். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். 13 வயதிலிருந்து 19 வயதுவரை ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் செய்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அண்ணன் சொன்னார்: "தோல்தானேடா. உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். நானும் சொல்லிட்டே இருக்கேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே திரியறான். ஏன், நீ சமாளிக்கலையா?"

எனக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அதிர்ச்சிதான் வந்தது. நானும் அவரும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். என் முழங்கையில் இருந்த செதில்களை அவர் தினமும் பார்த்திருக்கிறார். ஆனால் நான் "சமாளித்தேன்" என்றே இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறேன். தோலை மறைத்தேனோ இல்லையோ, தோலால் எனக்கு என்ன நடந்தது என்பதைப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்கே தெரியாமல் மறைத்துவிட்டேன்.

அதனால்தான் இந்தப் பதிவு. அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், பையனிடமும் கேட்டுவிட்டேன். அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு அது ஒரு தொண்டை வலிக்குப் பிறகு வந்தது. இரண்டு மூன்று வாரம் கழித்து முதுகிலும் வயிற்றிலும் நீர் தெளித்ததுபோல் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சி இப்படிச் சொரியாசிஸைக் கிளப்பிவிடுவது உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சிலருக்கு அந்தப் புள்ளிகள் அப்படியே மறைந்துவிடும். எனக்கு மறையவில்லை. முழங்கை, முழங்கால், தலை என்று தடித்த படைகளாக உட்கார்ந்துகொண்டன. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் உருவாகி மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் உடலின் எதிர்ப்பு சக்தி தவறான உத்தரவு கொடுப்பதால் அந்த வேலை சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் அந்தச் செதில். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடும். இது அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. தொட்டால் ஒட்டாது. சொரியாசிஸையும் தொழுநோயையும் நீண்ட காலம் மருத்துவர்களே ஒன்றாகப் போட்டுக் குழப்பி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் வேறு வேறு என்று தெளிவானது. அந்தப் பழைய பயம் இன்னும் மனிதர்களின் கண்ணில் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் நோயைப் பற்றி. நான் சொல்ல வந்தது மறைப்பதைப் பற்றி.

அடர்ந்த நிறச் சட்டை போட முடியாது, தோளில் செதில் விழுந்தால் தெரியும். வெளிர் நிறமும் போட முடியாது, சொறிந்த இடத்தில் ரத்தம் வந்தால் தெரியும். எழுந்திருக்கும் முன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் ஒருமுறை தட்டிவிட வேண்டும், அதையும் யாரும் கவனிக்காமல் செய்ய வேண்டும். யாராவது தோளில் கை போட வந்தால் ஏதோ கீழே விழுந்ததுபோல் குனிந்துவிட வேண்டும். முடி வெட்டிக்கொள்ளப் போவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட வேண்டும். குழுவாகப் படம் எடுக்கும்போது படம் எடுப்பவனாக நாமே முந்திக்கொள்ள வேண்டும். நீச்சல் என்றால் காய்ச்சல். விளையாட்டு வகுப்பில் அரைக்கால் சட்டை போட வேண்டும் என்பதற்காக எனக்குப் பிடித்த கைப்பந்தை விட்டேன். "சோம்பேறி" என்று அந்த ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். விளக்கம் சொல்வதைவிடச் சோம்பேறியாக இருந்துவிடுவது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

வகுப்பில் கடைசி பெஞ்ச். பின்னால் யாரும் இல்லாவிட்டால் என் தலையையும் கழுத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அது ஒன்றுதான் காரணம். படிப்பில் ஆர்வமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் முழுக்க இப்படி ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. இரவில் அரிப்பு தூங்க விடாது. காலையில் மறுபடி முதலிலிருந்து. பதின்வயதுப் பிள்ளை எரிந்து விழுகிறான், யாரோடும் பேசுவதில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது, அவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

"யாரும் உன்னைப் பார்க்கவில்லை, நீயாகத்தான் நினைத்துக்கொள்கிறாய்" என்ற ஆறுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பதின்வயதில் எல்லோருக்குமே தன்னைச் சுற்றி ஒரு கற்பனைக் கூட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும் என்பது அது. ஒரு பரு வந்தாலே ஊரெல்லாம் அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றும் வயது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆறுதல் பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் எங்களை நிஜமாகவே பார்க்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் வேறு இடத்தில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதை "உன் கற்பனை" என்று வீட்டில் சொன்னபோது, இனிமேல் வீட்டில் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். "ஆமாம், பார்க்கிறார்கள். அது கஷ்டம்தான்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், நான் அழுது முடித்திருப்பேன்.

அடுத்தது, "கவலைப்படாதே, கவலைப்பட்டால் அதிகமாகும்." மன அழுத்தம் சொரியாசிஸைத் தூண்டலாம் என்பது உண்மை. ஆனால் அதை 15 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அவன் காதில் விழுவது வேறு: இது உன்னால் வந்தது. படை கூடினால், நான் கவலைப்பட்டதால்தான் கூடியது என்று ஒரு குற்ற உணர்ச்சி. அந்தக் குற்ற உணர்ச்சியே புதிய கவலை. தேர்வுக்கு முதல் நாள், பதறக் கூடாது பதறக் கூடாது என்று பதறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சொறியாதே" என்பதும் அப்படித்தான். தோலில் கீறலோ காயமோ பட்ட இடத்தில் புதிய படை கிளம்பும். 1870களிலேயே ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். எனவே சொறியக் கூடாது, சரிதான். ஆனால் கை என்ன செய்யும்? செய்யாதே என்பதை மட்டும் கை கேட்காது, அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரிக்கும்போது இரண்டு கைகளையும் இறுக மூடி முப்பது எண்ணுவது, அப்புறமும் அரித்தால் அந்த இடத்தை நகத்தால் கீறாமல் அழுத்திப் பிடிப்பது. அரிப்புத் தோல் நோய்களுக்கு இதை முறையான பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதை யாரோ சொல்லித்தர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் நான் கேட்டது "சொறியாதே" மட்டும்.

நான் முதலில் போன மருத்துவர் நல்ல மருந்துதான் கொடுத்தார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், அம்மாவிடம் பேசினார், சீட்டு எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 16 வயதில் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு தாளைக் கொடுத்து வெளியே உட்கார்ந்து நானே நிரப்பச் சொன்னார், அம்மா பார்க்க வேண்டாம் என்றார். பத்தே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு அரித்தது, தோலால் எவ்வளவு கூச்சமோ வருத்தமோ இருந்தது, நண்பர்களோடு பழகுவது பாதிக்கப்பட்டதா, உடை மாற்றிப் போட வேண்டியிருந்ததா, நீச்சலையோ விளையாட்டையோ தவிர்த்தாயா, யாராவது கேலி செய்தார்களா, தூக்கம் கெட்டதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். தோல் நோய் உள்ள 4 முதல் 16 வயதுவரையானவர்களின் வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று அளக்க 1995இல் உருவாக்கப்பட்ட கேள்வித்தாள் அது, இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. கேலியைப் பற்றிய கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்கு மட்டும் நடக்கும் கேவலம் என்று நினைத்திருந்தேன். யாரோ அதை ஒரு கேள்வியாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், என்னைப்போல் நிறையப் பேருக்கு நடந்திருக்க வேண்டும்.

இந்தத் தாள் எல்லாத் தோல் மருத்துவர் மேசையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் பெற்றோர் கேட்டு வாங்குங்கள். அல்லது அந்தக் கேள்விகளையே, ஒரு நாளுக்கு ஒன்றாக, சாதாரணமாகப் பேசும்போது கேளுங்கள். மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். 2014 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் சொரியாசிஸுக்காகவே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்த நோயாளிகள் படும் சமூக ஒதுக்குதலையும் மன வேதனையையும் அது பேசியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. அவ்வளவு பெரிய சபைகளில் பேசப்பட்ட பிறகும் "தோல்தானே" என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது.

அம்மாவைப் பற்றி. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கண் முதலில் என் முழங்கைக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். அன்பினால்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று, நான் வீட்டுக்கு வரவில்லை, என் நோய்தான் வந்திருக்கிறது என்று தோன்றும். அதே அம்மாதான், இரவு சொறிந்து ரத்தக் கறை பட்ட விரிப்பை, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து மாற்றி வைத்துவிடுவார். ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த விரிப்பை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

களிம்பு பூசுவதில்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. பிசுபிசுப்பு, வாசனை, படுக்கையெல்லாம் ஒட்டும். அம்மா துரத்துவார், நான் ஓடுவேன். ஒரு நாள் சலித்துப்போய்க் குழாயை என் கையில் கொடுத்து, "இது உன்னோடது, எப்போ பூசறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றார். முதல் வாரம் பூசவில்லை. இரண்டாவது வாரம் பூச ஆரம்பித்தேன்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு வாக்கியம். அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னார்: "யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று இப்போதே தயார் செய்துகொள். அதிகபட்சம் மூன்று வரி." கண்ணாடி முன் நின்று பழகினேன். "இது சொரியாசிஸ். ஒட்டாது. அரிக்கும், அவ்வளவுதான்." முதன்முதலில் சொன்னது பெஞ்ச்சில் பக்கத்தில் இருந்தவனிடம். "ரொம்ப அரிக்குமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு என் கணக்கு நோட்டைக் கேட்டான். மூன்று வருடம் பயந்துகொண்டிருந்த பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் அப்படி இல்லை. ஒருத்தி அதற்குப் பிறகு என்னிடம் பேனா வாங்குவதை நிறுத்தினாள். அது வலித்தது. ஆனால் நானாகச் சொல்லி ஒருவர் விலகுவது, பிடிபட்டு விலகுவதைப்போல வலிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "உன் தோலை நேசி, பெருமைப்படு" என்று இப்போது நிறையச் சொல்கிறார்கள். வெண்புள்ளிகளோடு மேடையில் நடக்கும் மாடல் வின்னி ஹார்லோவின் படத்தைக் காட்டுகிறார்கள். அவரைப் பார்க்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 15 வயதில் நான் கேட்டது பெருமை இல்லை. வகுப்பில் நாற்பது பேரில் ஒருவனாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். தன் தோலைப் பிடிக்காத நாளும் ஒரு பிள்ளைக்கு இருக்கலாம். நல்ல மருந்து வேண்டும், இது போக வேண்டும் என்று ஆசைப்படுவதால் அவன் தன்னையே வெறுக்கிறான் என்று ஆகிவிடாது. அந்தத் தைரியத்தையும் ஒரு வீட்டுப்பாடமாக அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

விளையாட்டை விட்டுவிடுகிறான், நண்பர்களைத் தவிர்க்கிறான், தூங்குவதே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் கோபம் இல்லை. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மூட்டு வலி என்று சொன்னாலும் அலட்சியம் வேண்டாம், இந்த நோய் மூட்டுகளையும் பிடிக்கக்கூடியது.

அன்று அண்ணன் வீட்டில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பையனின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினேன். என் முழங்கையில் இன்னும் ஒரு படை இருக்கிறது, போவதும் வருவதுமாக. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். தொடலாமா என்று கேட்டுவிட்டு ஒரு விரலால் தொட்டான்.

"சித்தப்பா, ஸ்கூல்ல நீங்க எங்க உக்காருவீங்க?"

"கடைசி பெஞ்ச்."

"நானும்" என்றான். அப்புறம் தன் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினான்.