குனிஞ்சு பாத்திருக்கலாம், ஐயா

போர் விளையாட்டுக்காக நான் செய்து வர்ணம் தீட்டின குட்டிப் போர்வீரர் உருவங்களை மேசையில பரப்பி வைச்சிருந்தனான். சனிக்கிழமை மண்டபத்தில அந்த மேசைக்கு நடந்தது உங்களில கனபேருக்குத் தெரியும். வீடியோவும் பாத்திருப்பியள். ரெண்டு நாள் பேசாமல் இருந்தனான். இனி ஏலாது.

"இவ்வளவு பட்டும் இன்னும் சண்டை விளையாட்டோ தம்பி?" மைக்கில அந்த ஐயா கேட்டது அதுதான். சனம் கை தட்டினது. அரை மணித்தியாலத்தில ஏற்பாட்டுக்காரர் வந்து மேசையை எடுக்கச் சொல்லிச்சினம். எடுத்திட்டன். அதில எனக்குக் கோபம் இல்லை. அவர் குனிஞ்சு பாக்கேல்லை, அதுதான் நோகுது. நிண்ட நிலையிலேயே ஒரு ஆளைத் தலையில பிடிச்சுத் தூக்கி, சனத்துக்குக் காட்டிப்போட்டு, மேசையில போட்டார். 28 மில்லிமீற்றர் உயரமான ஆளை நிண்டுகொண்டு பாக்க ஏலாது. குனியவேணும்.

குனிஞ்சிருந்தால் அது 1619 எண்டு விளங்கியிருக்கும். போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா படையோடை வந்து யாழ்ப்பாண ராச்சியத்தைப் பிடிச்ச வருசம். ஒரு பக்கம் இரும்புத் தொப்பியும் மார்புக் கவசமும் போட்ட போர்த்துக்கேயர், கையில திரித்துவக்கு. அவையோடை லஸ்கரின்கள் எண்ட உள்ளூர்ச் சிப்பாய்கள், அவையும் இந்தத் தீவின்ரை ஆக்கள்தான். மற்றப் பக்கம் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி குமாரன்ரை ஆக்களும், தஞ்சாவூர் நாயக்கர் உதவிக்கு அனுப்பின ஆக்களும். முடிவு எங்களுக்குத் தெரியும். 1621இல நல்லூர்க் கோயிலை இடிச்சாங்கள். 1623இல சங்கிலியைக் கோவாவில கொண்டாங்கள். நல்லூர் முத்திரைச் சந்தியில குதிரையில சிலையாய் இருக்கிற சங்கிலியனை எல்லாரும் நிமிர்ந்து பாத்துக்கொண்டு போறம். அவனுக்குப் பக்கத்தில வெறுங்காலோடை நிண்டவன் ஆர்? அவனுக்குச் சிலை இல்லை, பேர் இல்லை. அவனைத்தான் நான் செய்யிறன்.

செய்யிறன் எண்டு சொல்லுறது சும்மா இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியப் படை பெட்டி பெட்டியாய் வாங்கலாம். யாழ்ப்பாணத்துப் படை எண்டு ஒரு பெட்டியை நான் எங்கையும் கண்டதில்லை. முகலாயர் காலத்து ஆக்களை வாங்கி, கத்தியால வெட்டி, மஞ்சளும் நீலமும் குழைச்சால் பச்சையாய் வாற அந்த எப்பொக்சிக் களியால வேட்டியும் கொண்டையும் வைக்கிறன். "தோல் நிறம்" எண்டு எழுதி விக்கிற போத்தலைத் திறந்தால் உள்ளுக்கு இருக்கிறது வெள்ளைக்காரன்ரை தோல். எங்கடை ஆக்களுக்குக் கபிலமும் காவியும் துளிச் சிவப்பும் நானே கலக்கிறன், எல்லாருக்கும் ஒரே நிறம் வராமல் ஆளுக்கு ஆள் மாத்தி. எங்கடை வெக்கையில அக்ரிலிக் தட்டிலேயே காஞ்சு போகும். சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள நனைச்ச ஸ்பொஞ்ச், மேல கேக் சுடுற கடதாசி, அதிலதான் கலவை. கொடியில நந்தி, அது யாழ்ப்பாண அரசர் அடிச்ச சேது நாணயத்தில படுத்திருக்கிற அதே நந்தி. ஒரு ஆளுக்கு நாலு மணித்தியாலம். மேசையில 64 பேர் நிண்டவை.

உதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை எண்டு சொல்லுறவைக்கு ஒரு கதை. 1824இல பிரஷ்யாவில ரைஸ்விட்ஸ் எண்ட அதிகாரி வரைபடமும் கட்டைகளும் தாயக்கட்டையும் வைச்சு ஆக்கின விளையாட்டை, அந்த நாட்டு இராணுவம் தன்ரை அதிகாரிகளைப் பழக்க எடுத்தது. இண்டைக்கு மேசையில ஆடுற இந்தப் போர் விளையாட்டும் அந்த வழியில வந்ததுதான். காசைப் பற்றிக் கேக்கிறவைக்கு என்னட்டைப் பதில் இல்லை. என்ரை சம்பளம்.

1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த நாள். எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கொடிகாமம் போய், ஒரு வீட்டு விறாந்தையில ஏழு குடும்பம் இருந்தம். விளையாட ஒண்டும் இல்லை. கிணத்தடிக் களியில நான் மனிசர் செய்தனான். அப்பப்பா கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசின மனுசன். ஒரு இரவு என்ரை களி ஆக்களை வாங்கி, ஜாம் போத்தல் விளக்கின்ரை கரியை எண்ணெயில குழைச்சு, ஈர்க்கால ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு புள்ளி வைச்சார். "ஆளெண்டால் கண் இருக்கவேணும் மோனை" எண்டார். அடுத்த வருசம் நாங்கள் ஊர் திரும்பேக்கை அவர் எங்களோடை வரேல்லை. அங்கையே மோசம் போயிட்டார்.

அப்பப்பா வாகனத்துக்குக் கண் திறக்கிறதைக் கடைசி வேலையாய்த்தான் செய்வார். நான் முதல்லயே வைக்கிறனான், பிழைச்சால் திருப்பிப் பூசலாம் எண்டு. கண் வைச்சாப் பிறகு அவன் என்னைப் பாக்கிறான். அவனைச் சாமான் எண்டு என்னால சொல்ல ஏலாது. ஐயா தலையில பிடிச்சுத் தூக்கினது அப்பிடி ஒருத்தனை.

ஓம், விளையாடுறனாங்கள். ஒளிக்கேல்லை. தாயக்கட்டை உருட்டுறம். சில நாள் சங்கிலி வெல்லுறான். "சரித்திரத்தை மாத்திறியளோ" எண்டு ஒரு ஆசிரியர் கேட்டவர். மாத்தேல்லை சேர். எங்கை நிண்டிருந்தால் தப்பியிருக்கலாம் எண்டு தேடுறம். இந்த ஊரில தோத்த வீட்டிலையெல்லாம் இரவில அதைத்தானே கதைக்கினம்?

எல்லாருக்கும் பதில் சொல்லலாம், ஒரு அம்மாவைத் தவிர. ஐயா பேச முந்தி அவா வந்தவா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, குனிஞ்சு, ஒவ்வொரு முகமாய்ப் பாத்தவா. பேந்து மெதுவாய், "வடிவாய்ச் செய்திருக்கிறாய் மோனை, ஆனால் என்னால பாக்க ஏலாமல் கிடக்கு" எண்டா. அவா எடுக்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிசமே துணியால மூடியிருப்பன். அவா சொல்லேல்லை. என்ரை கையைப் பிடிச்சுப் போட்டுப் போயிட்டா. 1658க்கு இங்கால நான் ஒரு ஆளையும் தீட்டுறதில்லை எண்டு தொடக்கத்திலேயே முடிவெடுத்ததும் அவாவைப் போல ஆக்களுக்காகத்தான். அந்த வருசம் ஒல்லாந்தன் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிக்கிறதோடை என்ரை தூரிகை நிண்டிடும். எங்கடை வீட்டிலயும் மாலை போட்ட படம் இருக்கு. அவன்ரை முகத்தைத் தீட்ட எனக்குக் கை வராது.

இதை ஐயா கேட்டிருக்கலாம். மைக் இல்லாமல் கேட்டிருக்கலாம். திருவிழாக் கடையில பிள்ளையளுக்கு விளையாட்டுத் துவக்கு வாங்கிக் குடுக்கேக்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறதில்லை. நான் 400 வருசத்துக்கு முந்திச் செத்தவனுக்குக் கண் வைச்சால், பட்டது மறந்து போச்சோ எண்டு சபையில கேள்வி. என்ன பட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? துக்கத்தை எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு ஆர் எங்களுக்குச் சொல்லித்தாறது? கை தட்டின உங்களில ரெண்டு பேர் என்னோடை படிச்சவங்கள். அதையும் பாத்தனான்.

ஐயா போட்டதில அந்த ஆளின்ரை ஈட்டி முறிஞ்சு போச்சு. கையில துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி வைச்சு இண்டைக்கு இரவு ஒட்டுறன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டு விறாந்தையில மேசை போடுறன், 64 பேரும் நிப்பினம். லென்ஸ் ரெண்டு இருக்கு. குனிய ஏலாத ஆக்களுக்குக் கதிரையும் போட்டு வைக்கிறன்.