லாமலேரா திமிங்கில வீடியோ: கூடவே வரும் செய்தி தவறு

கரையோரம் கடல் சிவந்து கிடக்க, ஆட்கள் திமிங்கிலத்தை அறுக்கும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'இந்தோனேசியத் தீவில் ஏற்றுமதிக்காகப் பெருநிறுவனம் நடத்தும் கொலை' என்பது அதனோடு வரும் வரி.

அது லெம்பாட்டா தீவின் தென்கரையில் உள்ள லாமலேரா கிராமம். அங்கே நிறுவனமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. பாறை நிலம், பயிர் சரியாக வராது. அதனால் கடலுக்குப் போகிறார்கள். 'லமாஃபா' எனப்படும் ஈட்டிக்காரர் மூங்கில் கம்போடு படகின் முனையிலிருந்து திமிங்கிலத்தின் மேலேயே குதிக்கிறார்! இரை பெரும்பாலும் ஸ்பெர்ம் திமிங்கிலம். நீலத் திமிங்கிலத்தைத் தொடுவது அவர்கள் மரபில் விலக்கு. கறி ஊர் முழுக்கப் பங்காகும். மூங்கிலில் தொங்கவிட்டுக் காயவைத்த துண்டுகளைப் பெண்கள் தலையில் சுமந்துபோய், வுலாண்டோனி சந்தையில் மலைக் கிராமத்தாரிடம் சோளத்துக்கும் வாழைப்பழத்துக்கும் மாற்றுவார்கள்.

'உலகத் தடையை மீறுகிறார்கள்' என்பதும் சரியல்ல. 1986-இல் நடைமுறைக்கு வந்த தடை வணிக வேட்டைக்கானது. அதுவும் சர்வதேச திமிங்கில ஆணைய உறுப்பு நாடுகளுக்கே. இந்தோனேசியா உறுப்பினர் அல்ல. ஆணையத்தின் இணையதளத்திலேயே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேட்டை தொடர வேண்டுமா என்று கேட்பதில் தப்பில்லை. இந்தோனேசியச் சட்டமே திமிங்கிலங்களைப் பாதுகாக்கப்பட்ட இனமாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை லாமலேரா மக்களைப் பற்றிய பொய்யோடு சேர்த்துக் கேட்க வேண்டாமே. உங்கள் குழுவில் வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.