அந்த மணிக்கட்டை விட்டுத் தொலையேன்

திருகோணமலை டச் பே கடற்கரையில் கச்சான் சுருளோடு உட்கார்ந்து, மச்சாள் தந்த நாலாவது காதல் நாவலையும் முடித்தேன். இதிலும் நாயகன் நாயகியின் மணிக்கட்டைத்தான் பிடித்தான்!

குடும்பக் காதல் என்றால் கட்டாயத் தாலி, பிறகு மணிக்கட்டு. பொலிஸ் காதல் என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டு மணிக்கட்டு. சரி, சரித்திரக் காதலாவது வேறு மாதிரி இருக்கும் என்று எடுத்தால், இளவரசன் ஓடுகிற குதிரையிலிருந்து குனிந்து பிடிக்கிறான். அவள் கை கழன்று வந்துவிடாதா? பேய்க் காதலில் வந்தவனுக்கு உடம்பே இல்லை. அவனும் பிடித்தான். எதால்?

வளையல் உடையும், இரண்டு சொட்டு இரத்தம் வரும், அவன் தாடை இறுகும். 380 பக்கத்தில் 12 தரம் இறுகியது, எண்ணினேன். பல் டாக்டரிடம் காட்டக்கூடாதா? கேட்டால் ஆன்டி ஹீரோவாம், வில்லன் மாதிரி நடக்கிற நாயகனாம். எங்கள் தெருவில் இதற்குப் பெயரே வேறு.

'கடைசியில் சுபம்தானே' என்கிறாள் மச்சாள். ஓமடி, ரொமான்ஸ் என்றால் சுபமாகத்தான் முடியும், எனக்கும் தெரியும். அதற்கு முன் ஒருத்தனாவது அவளுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கமாட்டானா? கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் நிற்கிற மானுக்குக்கூட இதைவிட மரியாதை தெரியும்.

ஐந்தாவதையும் நேற்றே தந்துவிட்டாள். அட்டைப் படத்திலேயே மணிக்கட்டு.