ஸ்பைரல் போட்ட லத்தீன்

(புதுச்சேரி. மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் அருளப்பனுக்கு எழுபது வயது. கைலி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் கத்தரிக்கோல். மகள் மீனுவைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கவிதா, பென் டிரைவோடு வந்து நிற்கிறாள். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் வேறு எந்தக் கடைக்காரரும் மாலை போட்டு வரவேற்பார்.)

கவிதா: அங்கிள், ஒரு பிடிஎஃப் இருக்கு. ரெண்டு பக்கமும் அச்செடுத்து ஸ்பைரல் போடணும்.

அருளப்பன்: லத்தீனா?

கவிதா: எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?

அருளப்பன்: வேற பாடம்னா வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு சாயங்காலம் வந்து வாங்கிப்ப. லத்தீன்னா மட்டும் நேர்ல வந்து நிப்ப. அதுவும் கடன் கேக்க வந்த மூஞ்சியோட.

கவிதா: இதான் அங்கிள் கடைசி.

அருளப்பன்: பொங்கலப்பவும் இதேதான் சொன்ன. அந்தப் பாட்டுப் புத்தகம் என்னாச்சு?

கவிதா: பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மீனு குளிக்கறப்பகூட பாடுவா. அர்த்தம் என்னடின்னு கேட்டா முழிக்கிறா.

அருளப்பன்: பாட்டுக்கு அர்த்தம் கேட்டா யாரும் முழிக்கத்தான்மா செய்வாங்க. சரி, அப்புறம் ஒரு நீல அட்டை வந்துச்சே?

கவிதா: அதுல பாட்டே கிடையாது. வெறும் வேற்றுமை உருபு அட்டவணை. ஏழு வயசுப் பொண்ணு, அதத் திறந்தாலே கொட்டாவி விடறா.

அருளப்பன்: ரோசா, ரோசே, ரோசே, ரோசாம், ரோசா.

கவிதா: அங்கிள்!

அருளப்பன்: என்ன அங்கிள்? பக்கம் வரிசையா இருக்கான்னு பாத்துத்தானே ஓட்டை போடறேன்? நீ கொண்டாந்த எல்லாப் புத்தகத்துலயும் முதல்ல இந்த ரோசாதான். எனக்கே மனப்பாடமாயிடுச்சு. உன் பொண்ணு ரோசாவத் தாண்டிட்டாளா?

கவிதா: தாண்டப் போற நேரத்துலதான் புத்தகம் மாறிடுது.

அருளப்பன்: தானா மாறுதா?

(கவிதா பென் டிரைவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றுகிறாள்.)

அருளப்பன்: பிரெஞ்சு கத்துக் குடுத்தாலாவது புரியும். 1826லேர்ந்து லிசேன்னு பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரு. பேசிப் பழகணும்னா பிரான்சு பென்ஷன் வாங்கற சொல்தா, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், வீட்டுத் திண்ணையில போய் ஒக்காரலாம். லத்தீன் யார்கிட்டம்மா பேசுவா?

கவிதா: பேசறதுக்கு இல்ல அங்கிள். பழைய ஐரோப்பாவுல முதல்ல இலக்கணம், அப்புறம் தர்க்கம், அதுக்கப்புறம் பேச்சுக்கலைன்னு மூணு படியா சொல்லிக் குடுத்தாங்க. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணிட்டா பின்னாடி அதுவே கைகொடுக்கும்னு ஒரு முறை.

அருளப்பன்: அதத்தான் எங்க தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடியும் நிகண்டும் சொல்லிப் பண்ணாரு. அதுக்கு பிடிஎஃப் கிடையாது, பிரம்புதான். லத்தீன் நானும் படிச்சவன், தெரியுமா?

கவிதா: நீங்களா?

அருளப்பன்: சம்பா கோவில், அதான் மாதா கோவில்ல பூசைக்கு உதவி செஞ்சவன்மா நானு. அறுபத்து மூணுல எனக்கு எட்டு வயசு. அப்ப பூசை முழுக்க லத்தீன். சாமியார் "இன்ட்ரோய்போ அத் அல்தாரே தேயி"ன்னு ஆரம்பிச்சா, நாங்க "அத் தேயும் க்வி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்"னு முடிக்கணும். நடுவுல "சூஷிப்பியாத்"னு ஒரு நீளமான பதில் வரும். முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் கணீர்னு சொல்லுவோம், மத்ததெல்லாம் முணுமுணுப்பு. அந்த வருசக் கடைசியிலதான் ரோமாபுரியில சங்கம் கூடி, அவங்கவங்க பாஷையிலயும் பூசை வெக்கலாம்னு வழி விட்டாங்க. அப்புறம் தமிழ் வந்துச்சு, எங்க முணுமுணுப்பு வெளிய தெரிஞ்சுபோச்சு.

கவிதா: அய்யோ அங்கிள், இது முன்னாடியே தெரியாமப் போச்சே! உச்சரிப்புதான் என் பிரச்சனையே. நீல அட்டை கோவில் உச்சரிப்பு. இந்தப் புதுப் புத்தகம் பழைய ரோமாபுரி உச்சரிப்பு. இதுல "சி" எழுத்துக்கு "ச" ஒலியே கிடையாது, எப்பவும் "க"தான். சீசர்கூட கைசர்தான்.

அருளப்பன்: அப்ப பரலோக மந்திரம்? "பாத்தெர் நோஸ்தெர், க்வி எஸ் இன் சேலிஸ்".

கவிதா: இதுல "இன் கைலிஸ்".

அருளப்பன்: (தன் இடுப்பைக் குனிந்து பார்க்கிறார்) எதுல?

கவிதா: கைலிஸ் அங்கிள். வானத்துலன்னு அர்த்தம்.

அருளப்பன்: பரமபிதா கைலியில இருக்காருன்னு மீனு ஞாயித்துக்கிழமை கோவில்ல போய்ச் சொன்னா பங்குச் சாமியார் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவாரு.

கவிதா: உங்களோடது மட்டும் என்னவாம்? "சேலிஸ்"னு நீல அட்டைய வாசிச்சப்ப, "எந்தச் சேலைம்மா?"ன்னு கேட்டா.

அருளப்பன்: ஒரு புத்தகம் சேலைங்குது, ஒண்ணு கைலிங்குது. நடுவுல புள்ள எதைக் கட்டும்?

(இந்த இடத்தில் கவிதா சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பாடத்திட்டம் மாற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகப் படுவதில்லை.)

கவிதா: இன்னொரு சிக்கலும் இருக்கு. முன்னாடி வாங்கினது அமெரிக்காப் புத்தகம், இது இங்கிலாந்து. அட்டவணை வரிசையே வேற. அமெரிக்காக்காரங்க நம்ம ஆறாம் வேற்றுமைய ரெண்டாவதா வெப்பாங்க, "ஐ" உருபு நாலாவதா வரும். இங்கிலாந்துல பத்தொம்பதாம் நூத்தாண்டுல வரிசைய மாத்தி, விளியையும் "ஐ"யையும் மேல தூக்கிட்டாங்க. ரோசா, ரோசா, ரோசாம், ரோசை, ரோசை, ரோசா.

அருளப்பன்: கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணது போச்சா?

கவிதா: போச்சு. திரும்ப முதல் பக்கத்துலேர்ந்து வரணும்.

அருளப்பன்: இரு, அவசரப்படாத. (கம்ப்யூட்டரில் பக்கங்களை உருட்டுகிறார்.) நாலாம் பக்கத்துலேர்ந்து இவ்ளோ தூரம் படம் போட்டு, அம்புக்குறி போட்டு என்னதான் சொல்றான்?

கவிதா: "விவசாயி பொண்ணைப் பாக்கறான்"னா, பொண்ணுங்கற வார்த்தையோட வால் மாறும்னு. புயெல்லான்னு இருக்கறது புயெல்லாம் ஆயிடும்.

அருளப்பன்: பொண்ணு, பொண்ணை.

கவிதா: அதேதான்.

அருளப்பன்: இதுக்கா பதினஞ்சு பக்கம்?

கவிதா: இங்கிலீஷ்ல வார்த்தை மாறாது அங்கிள், இடம்தான் மாறும். நாயையும் பூனையையும் இடம் மாத்திப் போட்டா கடிச்சது யாரு, கடிபட்டது யாருன்னே மாறிடும். அந்த ஊர்ப் பசங்களுக்கு வாலைப் பாத்து அர்த்தம் கண்டுபிடிக்கறது புதுசு. அதனால மெதுவா...

அருளப்பன்: மீனுகிட்ட "பூனையை நாய் கடிச்சுது"ன்னு சொல்லு. யாரைக் கடிச்சுதுன்னு கேளு.

கவிதா: பூனையன்னு சொல்லுவா.

அருளப்பன்: யோசிச்சா?

கவிதா: இதுல யோசிக்க என்ன இருக்கு?

அருளப்பன்: அப்ப இந்தப் பதினஞ்சு பக்கம் யாருக்கு?

கவிதா: அமெரிக்கா, இங்கிலாந்துக்காரங்களுக்கு.

அருளப்பன்: அவங்க யாரும் எங்கிட்ட ஸ்பைரல் போட வரலியே. அந்தாண்ட பக்கம் என்ன? அமோ, அமாஸ், அமாத்.

கவிதா: நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். நான், நீன்னு தனியாச் சொல்லவேணாம், வினைச்சொல்லே சொல்லிடும்னு விளக்கம்.

அருளப்பன்: வந்தேன்னு சொன்னா நான்தான்னு மீனுவுக்குத் தெரியாதா? இதுவும் வேணாம். இருபத்து நாலாம் பக்கத்துலேர்ந்து அடிக்கிறேன்.

கவிதா: அய்யோ, முதல் பாடம் இல்லாம எப்படி?

அருளப்பன்: முதல் பாடம் உங்க வீட்ல மூணு கிடக்கு.

கவிதா: வரிசை?

(அருளப்பன் பதில் சொல்லாமல் ரோசா அட்டவணையை மட்டும் ஒரு தாளில் அச்செடுக்கிறார். கத்தரிக்கோலால் வரி வரியாக நறுக்குகிறார். பழைய வரிசைப்படி அடுக்கி, பசை தடவி ஒட்டி, கண்ணாடி மேல் கவிழ்த்து ஒரு நகல் எடுக்கிறார். வெட்டின கோடு லேசாகத் தெரிகிறது. வெள்ளை மை தடவி இன்னொரு நகல்.)

அருளப்பன்: இந்தா. கைலி ஊர்ப் புத்தகம், சேலை ஊர் வரிசை.

கவிதா: (தாளை வாங்கி நெடுநேரம் பார்த்து) நீங்க வாத்தியாரா போயிருக்கலாம் அங்கிள்.

அருளப்பன்: வாத்தியாரா போயிருந்தா ஒரே புத்தகத்துக்குத்தான் சம்பளம் வந்திருக்கும். இங்கிலீஷ் இலக்கணமாவது அப்படியே இருக்கா?

கவிதா: அதையும் மாத்திட்டேன். அந்தக் கோடு போடறது சரிவரல.

அருளப்பன்: அது இலக்கணமா? ஒரு படுக்கைக் கோடு, குறுக்க ஒரு வெட்டு, கீழ சாய்வா கிளை. வீட்டு ஒயரிங் படம்னு நெனச்சேன்.

கவிதா: 1877ல ரெண்டு அமெரிக்க வாத்தியாருங்க புத்தகத்துல வந்த முறை. வாக்கியத்தை அக்கக்காப் பிரிச்சுக் காட்டும். மீனு எல்லாக் கிளையிலயும் ஒரு காக்கா வரைஞ்சு வெச்சுட்டா. இப்ப வந்திருக்கறது மாண்டிசோரி குறி. பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம்.

அருளப்பன்: கலர்ல எடுத்தா பக்கம் பத்து ரூபா.

கவிதா: கறுப்பு வெள்ளைலயே எடுங்க.

அருளப்பன்: எடுத்தா வட்டமும் கறுப்பாத்தானே வரும்?

கவிதா: சிவப்பு ஸ்கெட்ச்ல நான் அடிச்சுக்கறேன்.

அருளப்பன்: எத்தனை வட்டம்?

கவிதா: (திரையை உருட்டி, உருட்டி, நிறுத்தி) மீனுவையே அடிக்கச் சொல்றேன். அதுவே பாடமா வெச்சுடலாம்.

அருளப்பன்: இதான் நீ சொன்னதுலயே உருப்படியான பாடத்திட்டம். சரி, பள்ளிக்கூடமே போகாத புள்ள பத்தாவது எப்படி எழுதும்?

கவிதா: திறந்தநிலைப் பள்ளி இருக்கு அங்கிள். பதினாலு வயசானா எழுதலாம்.

அருளப்பன்: ஏழு வருசம் இருக்கு. (மனக்கணக்குப் போடுகிறார். முகத்தில் வியாபாரியின் மகிழ்ச்சியும் கிழவரின் கவலையும் மாறி மாறி வருகின்றன.) ஒண்ணு செய். சனிக்கிழமை மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது. மீனுவக் கூட்டிட்டு வா. சூஷிப்பியாத்தை நான் சொல்லித் தரேன்.

கவிதா: முணுமுணுப்பு இல்லாம?

அருளப்பன்: முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் உறுதி. நடுவுல இருக்கறத அவ எனக்குச் சொல்லித் தரட்டும்.

கவிதா: (காசு கொடுத்துவிட்டு, ஸ்பைரலை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் திரும்புகிறாள்.) அங்கிள், அந்த பென் டிரைவ்லயே இன்னொரு ஃபைல் இருக்கும் பாருங்க. கணக்கு. இப்ப இருக்கறது நல்லாத்தான் போகுது, ஆனா சிங்கப்பூர் முறை இன்னும்...

அருளப்பன்: கரண்ட் போயிடுச்சும்மா.

கவிதா: ஃபேன் சுத்துதே?

அருளப்பன்: அது பழக்கத்துல சுத்துது.