முருங்கைக்கீரையில் பி12 இல்லை

"தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், பி12 குறைபாடு தீரும், கால் மரத்துப்போவதும் நிற்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீரை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பி12 கிடையாது. இந்த வைட்டமினை உருவாக்குபவை நுண்ணுயிரிகள் மட்டுமே. நமக்கு அது மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் வழியாகவே வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். சென்னை காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீன் 100 கிராமிலேயே அதைவிடப் பல மடங்கு உண்டு. சைவர்கள் பால், தயிரை விடாமலிருப்பது நல்லது. அதையும் தொடாதவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கீரையில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினை, குறிப்பாக அதன் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை, மட்டும் நம்பினால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றலாம். பி12 இல்லாமல் நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும், காலம் தாழ்த்தினால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்த மருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாதம் மரத்துப்போனால் "சர்க்கரைதான்" என்று விட்டுவிடாமல், ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.