கம்பெனி பெயின்ட் போனால் போனதுதான்

"ஒரு ஃபுல் பெயின்ட் அடிச்சுடுங்க சார், புதுசு மாதிரி ஆயிடும்." டயருக்குக் காற்றடிக்கும் தம்பியிலிருந்து சொந்த மச்சான் வரை எல்லோரும் சொல்லியாயிற்று. வண்டி, அப்பா 1996இல் வாங்கிய சிவப்பு மாருதி 800. கூரை வெளுத்துவிட்டது. பானட்டில் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஒரு மங்கல். இருந்தாலும் நான் அடிக்கப் போவதில்லை.

கம்பெனியில் பெயின்ட் அடிக்கும்போது வண்டி வெறும் தகரக்கூடு. அதைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்க வைத்து, 140 டிகிரிக்குக் குறையாத சூட்டில் சுடுவார்கள். ஒயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ஏறிய வண்டியை அந்த அடுப்புக்குள் விட முடியாது. ஷெட்டில் நல்ல வேலையே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கண்ணாடி, ரப்பர் பீடிங், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நம்மிடம் சொல்லும் ரேட்டுக்கு யார் கழற்றுகிறார்கள்? தினசரிப் பேப்பரை ஒட்டி, ஸ்ப்ரேயைப் பீய்ச்சி அனுப்பிவிடுவார்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். 2011இல் ஒரு ஆட்டோ இடது கதவில் உரசியது. ஒரு ஷெட்டில் விட்டேன். பளபளவென்று வந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் கைப்பிடிக்குக் கீழே கொப்புளம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. உள்ளே தகரத்தைத் தட்டவே இல்லை, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையை அப்பியிருக்கிறார்கள். அதே வண்டியின் வலது கதவு இன்றுவரை கம்பெனி பெயின்ட். நிறம் மங்கியிருக்கிறது, கொப்புளம் இல்லை.

சரி, மங்கலுக்கு என்ன செய்வது? வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். என் துணி சிவப்பானது. அப்படியென்றால் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் கிடையாது. வெயிலில் செத்துப்போன மேல்படலம்தான் பூத்து நிற்கிறது, பதமாகக் கையால் தேய்த்தால் அடியிலிருந்து நிறம் வரும். கிளியர் கோட் உள்ள வண்டியில் அது தோல் உரிகிற மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலிஷும் காப்பாற்றாது. அந்த இடத்துக்கு மறுபெயின்ட்தான் வழி. இன்னொன்று, கம்பெனி பெயின்ட்டின் மொத்தக் கனமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மெஷின் வைத்து ரப்பிங் போட்டால், மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

கல் தெறித்த புள்ளிகளுக்கு, வண்டி நிறத்தில் வரும் சின்ன டச்சப் பெயின்ட் பாட்டில் போதும். ஆனால் அதோடு வரும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள், அது புள்ளியை வட்டமாக்கிவிடும். பல்குச்சிதான் சரி. முதலில் துருவைச் சுரண்ட வேண்டும், தகரம் தெரிந்தால் பிரைமர் ஒரு சொட்டு. அப்புறம் நிறம், குழிக்குள் மட்டும். காய்ந்ததும் உள்வாங்கும், மறுநாள் இன்னொரு சொட்டு. நான்கு நாளில் குழி நிரம்பிக் கொஞ்சம் மேடு தட்டும். ஒரு வாரம் விட்டு, பென்சில் ரப்பரில் 2000 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு மேட்டை மட்டும் தேய்க்க வேண்டும். நிறம் அச்சாகப் பொருந்தாது. பாட்டிலில் இருப்பது ஷோரூம் சிவப்பு, என் வண்டியில் இருப்பது இத்தனை வருட வெயில் குடித்த சிவப்பு. கையெட்டும் தூரத்தில் தெரியும், தெருவிலிருந்து தெரியாது. எனக்கு அது போதும்.

அமெரிக்காவில் பெபிள் பீச்சில் நடக்கும் பழைய கார் போட்டியில், 2024இல், முதல் பரிசு பழைய நிலையிலேயே பாதுகாத்து வைத்த 1934 புகாட்டி கார் ஒன்றுக்குப் போனது. புதுப்பிக்காமல் பாதுகாத்த வண்டிக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல்முறை. மச்சானிடம் சொன்னேன். "அது புகாட்டி, இது எண்ணூறு" என்றார். நியாயம்தான்.

மறுபெயின்ட் அடிக்கப் போவது அந்த இடது கதவுக்கு மட்டும். திருவான்மியூர் பக்கம், பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தகரத்தைத் தட்டியே நேராக்கும் பழைய டிங்கர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். நாள் கூட ஆனாலும் பரவாயில்லை.