பழசு என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டாம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆகவே புதுக் கணினி வாங்குங்கள் என்று பழைய கணினிகள் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் திருகோணமலையில் பிள்ளைகளின் படிப்புக்கென்று செகண்ட் ஹாண்டில் வாங்கிய லப்டொப்தான் பல வீடுகளில். அதன் புரொசெசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால், ஒருசிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காக வாசலில் வைத்துவிடுவதா?

உவர்மலையில் அக்காவின் மகளுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். சூம் வகுப்பு, பாஸ்ட் பேப்பர் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. இடைஞ்சல் தந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். டியூஷனில் அனுப்பிய வினாத்தாளைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எழுத்துருவை ஏற்றியதும் சரிவந்தது. ஆசிரியர்மாரே, தயவுசெய்து எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட்டில் அடியுங்கள், போனிலும் திறக்கும்.

கொமினிகேசன் (போட்டோகொப்பி, பிரிண்ட் எடுக்கும் கடை) வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் சொல்ல மாட்டேன். போட்டோஷொப் அதற்கு வருவதில்லை. கலியாணக் கார்டு அடிப்பவருக்கு விண்டோஸ்தான் தொழில். ஆனால் ஊரார் பென்டிரைவ் எல்லாம் வந்துபோகும் கணினியில் கிராக் பிரதியைப் போட்டு அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வனாக்ரை வைரஸ் அப்டேட் செய்யாத கணினிகளில் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.